சாரத்துக்கு அடியில் வீராயி

வீராயி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரி நிலம் சோறு போடாமல் போனதும் அரியமங்கலம் வந்தவர். தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் எழும்பும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறார். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்துக்கு அடியில் நடப்பதுதான் வேலை.

அந்தச் சாரத்திலிருந்து எதுதான் விழாது? உடைந்த செங்கல், ஆணியோடு பலகை, வெற்றிலை எச்சில். பலகையைக் கயிறு கட்டி இறக்க யாருக்கும் பொறுமை கிடையாது. "பாத்து!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். தலையில் சட்டி இருப்பவர் எப்படி மேலே பார்ப்பார்?

போன வாரம் வீராயிக்கு முன்னால் நடந்த விஜயராணியின் தோளெலும்பு அப்படித்தான் உடைந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ரத்தத்தின் மேல் மணலை அள்ளிப் போட்டார்கள். அவ்வளவுதான். மறுநாள் கான்ட்ராக்டர் ரெங்கராஜ் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். பிறகு பெண்களுக்கு ஹெல்மெட் மாட்டி, வரிசையாக நிற்கவைத்துச் செல்போனில் படம் எடுத்தார்.

"சட்டி தூக்குற தலைங்க இது. ஹெல்மெட்டு மேல சும்மாடு எப்படிங்க நிக்கும்?" என்றார் வீராயி.

"போட்டோவுக்குத்தாம்மா. கழட்டிக் குடுத்துடுங்க."

வீராயி ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"மேல வலை கட்டுங்க. கட்டாம நான் அடியில போகமாட்டேன்."

"போகலைன்னா வீட்டுக்குக் கெளம்பு. சத்திரத்துல போய் நின்னா நூறு பேரு வருவாங்க."

"வரட்டுங்க. கலந்து வச்சதை யாரு தூக்குவா? நீங்களா?"

மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேலேயே உட்கார்ந்தார்கள். வெயிலில் கலவை இறுகத் தொடங்கியது. மேலே கரண்டியோடு காத்திருந்த கொத்தனார் சவரிராயன், "என்னங்க, இன்னிக்கு லீவா?" என்று வேறு கேட்டார்.

"வலை வாங்க ரெண்டு நாளாகும்" என்றார் ரெங்கராஜ்.

வீராயி வேப்பமரத்தடியைக் கைகாட்டினார். அங்கே ரெங்கராஜின் கார் நின்றது. காக்கை எச்சம் படக்கூடாது என்று அதற்கு மேலே புதுப் பச்சை வலையை மடித்துக் கட்டியிருந்தார்கள். கட்டடத்துக்கென்று வந்த வலை! காரின் பெயிண்டுக்குக் காவல், மனுஷியின் தலைக்குப் பூசணிக்காய்.

"அதை அவுத்தாப் போதுங்க. காருக்கு வேணும்னா ஹெல்மெட்டை மாட்டிவிடுங்க."

இறுகும் கலவையைப் பார்த்துக்கொண்டே ரெங்கராஜ் வலையை அவிழ்க்கச் சொன்னார். பெண்கள் நடக்கும் வழிக்கு மேலே அதை இழுத்துக் கட்டி முடித்த பிறகுதான் வீராயி சும்மாட்டைச் சுற்றினார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அரைச் செங்கல் ஒன்று வந்து அதில் விழுந்தது. சரியாக வீராயிக்கு மேலே. வலை தொய்ந்து ஆடியது. பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ரெங்கராஜும் பார்த்தார். "எவன்டா மேல? செங்கல் என்ன விலை விக்குது தெரியுமா?" என்று கத்தினார்.

வீராயி காறித் துப்பிவிட்டு நடந்தார்.