செம்பனைத் தோட்டத்துக் கடையில் ஒரு ரேம்ப்

பிள்ளைகள் எந்நேரமும் விழக்கூடிய ஒன்றைக் கடைக்குள் வைத்துக்கொண்டு, நிம்மதியாக வெங்காயம் நிறுத்துக் கொடுக்க என்னால் முடியுமா? மூன்று நாள் போய் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் அக்கா இராஜேஸ்வரியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்துக்கு அப்பால், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துச் சந்தியில் அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய கணவருக்கு ஜொகூருக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது. எங்களைக் கடையை எடுத்து நடத்தச் சொன்னார் அண்ணி. நிபந்தனை ஒன்றுதான். கடைக்குள் பிள்ளைகள் சக்கரப் பலகை ஓட்டும் சரிவை, அந்த ஸ்கேட்போர்ட் ரேம்ப்பை, பிரிக்கக் கூடாது.

என் கணவர் உடனே சரி என்றார். பிறகு, "நீ போய்ப் பாத்துட்டு வா சுமதி. நீ வேணாம்னா வேணாம்" என்றார். முடிவை என் தலையில் இறக்கி வைக்க இதைவிட மரியாதையான வழி கிடையாது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிள்ளானிலிருந்து ரயில். ஆறு வயது மகள் யாழினி ஜன்னலோரம். கோலாலம்பூரில் மாறி, சிரம்பானில் இறங்கி, பகாவ் பேருந்தைப் பிடித்தோம். எனக்கு ஏழு ரிங்கிட், யாழினிக்குப் பாதி. கோலாப் பிலா வரைக்கும் மலை வளைவுகள். வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பையைக் கையிலேயே வைத்திருந்தேன். அவள் வாந்தி எடுக்கவில்லை. பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

பகாவில் வாடகைக் கார்காரரிடம் கடைப் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சந்தியின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"ரேம்ப் கடைன்னு சொல்லுங்கம்மா. கடைப் பேரு யாருக்குத் தெரியும்?"

"அங்கே பிள்ளைங்க விழுமா?" என்று கேட்டேன்.

"விழாம? என் மச்சான் மவன் அங்கதான் முன்பல்ல ஒடச்சிக்கிட்டான். இப்ப சிரிச்சா முன்னவிட அழகாத்தான் இருக்கான் லா."

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். பதினெட்டு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து ரிங்கிட். வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை. நடுவில் குலை ஏற்றிய லோரிகள் எங்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போயின.

தகரக் கூரை போட்ட கடை. உள்ளே இடப்பக்கம் அரிசி, வெங்காயம், ஊதுவத்தி, சமையல் எண்ணெய். வலப்பக்கம் முழுக்க ரேம்ப். எதிரெதிரே இரண்டு பக்கமும் வளைந்து மேலேறும் ஒட்டுப்பலகை, என் இடுப்பளவு உயரம். முட்டைத் தட்டுகளை ரேம்ப்புக்கு எட்டாத கடைசி மூலையில் வைத்திருந்தார் அண்ணி. ரேம்ப் பக்கச் சுவரில் கண்ணாடிப் புட்டி ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் இறங்கும்போதெல்லாம் அலமாரியில் பால் டின்கள் கிணுகிணுத்தன. சாமான் வாங்க வந்தவர்கள் அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேரம் பேசினார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் திரும்பியது நான் மட்டும்தான்.

"இது எதுக்கு அண்ணி கடைக்குள்ள?"

"முன்ன அங்க அரிசி மூட்டைதான் இருந்திச்சி. பிள்ளைங்க வெளிய ரோட்டுல ஓட்டும். அந்த வளைவுல லோரி எப்படி வருதுன்னு பாத்தேல்ல? ஒரு நாளு தர்ஷினி போர்டு லோரி டயருக்குள்ள போயிருச்சி. போர்டு மட்டும்தான், நல்ல வேளை. அன்னிக்கே மூட்டையெல்லாம் பின்னால தள்ளிட்டு இதுக்கு எடம் விட்டேன்."

தர்ஷினி தோட்டத்துக் குடியிருப்புப் பிள்ளை, பதின்மூன்று வயது. அன்று மாலை அவள் ஓட்டுவதைப் பார்த்தேன். மேல் விளிம்பில் ஒரு கணம் நிற்பாள். பிறகு கவலையே இல்லாமல் முன்னால் சாய்ந்துவிடுவாள். நான் மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். யாழினி கைதட்டினாள்.

இரவு சாப்பிடும்போது அண்ணி சட்டங்களைச் சொன்னார். "ஹெல்மெட் இல்லாம ஏறக் கூடாது. ஒருத்தர் எறங்கின பெறகுதான் அடுத்தவங்க. பிள்ளைங்க வர்றதுக்கு முன்ன பலகையை வெறும் உள்ளங்கையால தடவிப் பாக்கணும். கண்ண நம்பாத. சின்னக் கல்லு போதும், சக்கரம் நின்னுரும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நண்பகலில் அண்ணி பலகையைத் தடவி முடித்து, சரக்கு எடுக்கப் பகாவுக்குக் கிளம்பினார். "ரெண்டு மணி நேரம் நீயே பாத்துக்க. வேடிக்கை பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். போகும்போது யாழினிக்கு ஒரு புது ஸ்கேட்போர்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த எந்தப் பொருளும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாமல் ஓடியதில்லை. கார், மோட்டார் சைக்கிள், யாழினியின் மூன்று சக்கர வண்டி, எல்லாவற்றுக்கும் செய்திருக்கிறோம். அதுவும் வெள்ளிக்கிழமை. இரண்டு பழங்களை எடுத்து, ரேம்ப்பின் நடுத்தளத்தில் வைத்து, புதுப் போர்டின் முன் சக்கரங்களை அவற்றின் மேல் அழுத்தினேன். சூடம் காட்டினேன். நசுங்கிய பழங்களைப் பழைய பேப்பரில் பொதிந்து வெளியே போட்டேன். பலகையைத் துணியால் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது.

பள்ளி விட்டு ஆறு பிள்ளைகள் வந்தார்கள். "தங்கச்சிக்கு ரேம்ப்ப சூடாக்கித் தர்றேன் ஆண்டி" என்று தர்ஷினி முதலில் ஏறினாள். நான் ஒருவருக்கு வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன். சக்கரச் சத்தம் பாதியில் நின்றது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

அவள் தரையில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலால் போர்டைப் புரட்டி, சக்கரத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"ஆண்டி, எலுமிச்சந் தோலு."

"நாங்கதான் வச்சோம்" என்றாள் யாழினி, பெருமையாக.

"எனக்கா வேண்டிக்கிட்டீங்க, போர்டுக்கா?" என்றாள் தர்ஷினி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே. பிள்ளைகள் சிரித்தார்கள். மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது.

வெங்காயம் வாங்க வந்தவர் தன் காரில் அவளை ஏற்றிக்கொண்டார். செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் அவள் அம்மா விஜயாவை வழியில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போவதாகச் சொன்னார். கூடப் போக நினைத்தேன். கடையையும் மற்றப் பிள்ளைகளையும் யாரிடம் விடுவது? "இன்னிக்குப் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. போர்டுகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். கொஞ்ச நேரத்தில் தார் ரோட்டில் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அதன் மேல் ஒரு லோரியின் நீண்ட ஹாரன்.

யாழினியை இழுத்துக்கொண்டு ஓடினேன். லோரி போயிருந்தது. பிள்ளைகள் புல்லோரம் நின்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

உள்ளே வந்த பிறகு முட்டி போட்டு ரேம்ப் முழுவதையும் உள்ளங்கையால் தடவினேன். பலகை இணைப்பில் ஒரு விதை அகப்பட்டது. எடுத்தேன். மறுபடி தடவினேன். ஒன்றும் இல்லை. பிள்ளைகள் ஹெல்மெட்டோடு காத்திருந்தார்கள். "ஏறுங்க" என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்து ரேம்ப்பிலேயே உட்கார வைத்தேன். அண்ணி வரும்வரை அப்படியே இருந்தோம்.

மாலை ஆறு மணிக்கு விஜயா மகளோடு வந்தார். காலணியில் பண்ணை மண். எலும்பில் சின்ன விரிசல், மாவுக்கட்டு போட்டிருந்தார்கள்.

"நீங்கதான் கடைய எடுக்கப் போறவங்களா?"

அண்ணி ஏதோ சொல்ல வந்தார். விஜயா கையைக் காட்டி நிறுத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு இருக்கட்டும்மா. இந்த அக்கா பாத்துக்கிட்டாங்க, நான் கவலையில்லாம வேலைக்குப் போனேன். நீங்க பாத்துக்கிட்டா நான் யோசிக்கணும்லா. கட்டுப் பிரிச்ச மறுநாளு இவ இங்க ஓடி வருவா. நான் விடலைன்னா ரோட்டுக்குப் போவா. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அம்மா, ஆண்டி வேணும்னேவா செஞ்சாங்க?" என்றாள் தர்ஷினி.

"நீ வாய மூடு. ஒரு கை பத்தாதா ஒனக்கு?"

அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். அண்ணி என்னைத் தாண்டிப் போய்ப் பலகையை உள்ளங்கையால் தடவினார்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது அண்ணி சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள முடிவ சொல்லிரு. நீ வேணாம்னா இன்னொருத்தர் கேக்கறார். அவருக்கு மூட்டை அடுக்க எடம் வேணுமாம்."

ரேம்ப் போனால் பிள்ளைகள் மறுபடி ரோட்டுக்குப் போவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இப்போது கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே கதவு போட்ட பூங்கா. ரப்பர் தரை. சறுக்குமரத்தில் யாழினி ஏறினால் அடியில் கையை விரித்துக்கொண்டு நான் நிற்பேன். என் ஒரு பிள்ளைக்கு என் இரண்டு கை போதும். அந்தச் சந்தியில் ஆறு பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் அந்த நேரத்தில் தோட்டத்தில் வேலையில் இருப்பார்கள்.

இதைப் படிக்கும் பெற்றோர்கள் தயவு செய்து விஜயாவின் இடத்தில் நின்று எனக்கு எழுதுங்கள். உங்கள் மகளின் கை முறியக் காரணமானவள் நடத்தப்போகும் கடைக்கு அவளை மறுபடி அனுப்புவீர்களா? அனுப்புவீர்கள் என்றால், அதற்கு முன் நான் எதைச் செய்து காட்டியிருக்க வேண்டும்? மாதம் முடிவதற்குள் சொல்லுங்கள்.