பனிக்கு ஐந்து மதிப்பெண்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சூழல் நீரியல் பேராசிரியர் தேவை என்று எனக்குத் தெரியவந்த அன்றுதான், அப்படி ஒரு படிப்பு இருப்பதும் தெரியவந்தது. எங்கள் வளாகத்தின் டைரக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். டெல்லியிலிருந்து ஓர் ஆய்வுப் பேராசிரியர் பணியிடம் அனுமதியாகியிருக்கிறது. பிஎச்.டி. முடித்து அதிக வருடம் ஆகாத இளம் ஆராய்ச்சியாளராகப் பார்த்து எடுக்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் ஆள் வந்து சேராவிட்டால் பணியிடம் திரும்பப் போய்விடும்.

"நீங்கதான் தேர்வுக்குழு கன்வீனர் மேடம்."

"நான் தாவரவியல் சார்."

"அதனாலதான். செடிக்குத் தண்ணி வேணும்ல?"

டைரக்டர் கோயம்புத்தூர்க்காரர். தூத்துக்குடிக்கு வந்து இரண்டு வருடமாகியும், கடற்காற்றில் இருக்கும் உப்பு குறிப்பாகத் தன் காரைத் தேடித்தான் வருகிறது என்று நம்புகிறவர். அவரிடம் வாதாடிப் பயனில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பெய்கிற மழையில் மரம் எவ்வளவு குடிக்கிறது, மண் எவ்வளவு பிடித்துவைக்கிறது, மிச்சம் எந்த வழியாக எங்கே போகிறது, அந்த மிச்சத்தை நம்பி என்னவெல்லாம் உயிர் வாழ்கிறது. இவ்வளவுதான் அந்தப் படிப்பு. படிக்கப் படிக்க எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான் சாத்தான்குளத்துக்காரி. ஊரைத் தாண்டினால் செக்கச்சிவந்த மணல்மேடாகத் தேரிக்காடு, அதில் பனை. வருடத்தில் சில நாள் கொட்டுகிற மழையைத் தேரி மணல் எப்படி உள்ளே இழுத்துக்கொள்கிறது, அது எங்கே போய் வெளிவருகிறது என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட. எனவே விளம்பரத்துக்கான குறிப்பில் நானே பெருமையாக ஒரு வரி சேர்த்தேன்: 'பனை சார்ந்த நிலப்பரப்புகளில் நீராய்வு அனுபவம் விரும்பத்தக்கது.' நேர்காணல் மதிப்பெண் பட்டியலில் அதற்கென்று ஐந்து மதிப்பெண்ணும் ஒதுக்கினேன். பல்கலைக்கழக வேனில் வரும்போதே கைப்பேசியில் தட்டி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் வந்தது. 'பனி சார்ந்த நிலப்பரப்புகளில் நீராய்வு அனுபவம் விரும்பத்தக்கது.'

இணையதளத்தில் ஆங்கில விளம்பரம். அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதை மிகுந்த விசுவாசத்தோடு மொழிபெயர்த்து, பனிமூடிய மலைகள் என்றே போட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை நேராக அலுவலக சூப்பரிண்டெண்டெண்டிடம் போனேன். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கடற்கரைக் குடும்பம், அண்ணன் தம்பிகள் எல்லாம் கப்பலில் இருக்க, இவர் மட்டும் கோப்புகளோடு கரையிலேயே தங்கிவிட்டவர். சுற்றி நான்கு கிளார்க்குகள் இருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"என்ன அண்ணாச்சி இது? ஒரு வரியப் பார்த்துப் போடத் தெரியாதா?"

"நீங்க அனுப்புனதத்தான் டீச்சர் போட்டோம்."

"நான் பனின்னு அனுப்புவேனா? தூத்துக்குடியில எங்கன அண்ணாச்சி பனி இருக்கு?"

கிளார்க்குகள் சிரித்தார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டைரக்டரிடம் போய்த் திருத்தம் வெளியிடச் சொன்னேன். அவர் சட்ட ஆலோசகரிடம் பேசிவிட்டு, தகுதி விவரத்தை மாற்றினால் முதலிலிருந்து விளம்பரம் செய்ய வேண்டும், மார்ச் தாண்டிவிடும் என்றார். "விரும்பத்தக்கதுதானே மேடம், கட்டாயம்னு போடலையே. இருந்துட்டுப் போகட்டும்."

"மதிப்பெண் பட்டியல் சார்?"

"விளம்பரத்துல என்ன இருக்கோ அதுதான் பட்டியல்லயும் இருக்கணும். நாளைக்கு யாராச்சும் கோர்ட்டுக்குப் போனா?"

இப்படியாக, மூன்று பக்கமும் உப்பளம் சூழ்ந்த ஒரு வளாகத்தில் பனிக்கு ஐந்து மதிப்பெண் நிலைபெற்றது. நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். செமஸ்டர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

விண்ணப்பங்கள் வந்தன. ஒருவர் வேலையில் சேருவதற்குப் பதில் எங்களுக்கு ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் விற்க விரும்பினார். ஊட்டியிலிருந்து ஒருவர், தன் வீட்டுப் புல்தரையில் டிசம்பரில் உறைபனி விழுவதைச் சிறுவயது முதலே கவனித்து வருவதாக எழுதியிருந்தார். வடிகட்டி மூன்று பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டோம். குழுவில் டைரக்டர், நான், வெளியிலிருந்து நிபுணராக ஓய்வுபெற்ற அணைக்கட்டுப் பொறியாளர் ஒருவர்.

முதலில் வந்தவர் ஏராளமான கட்டுரைகள் எழுதியவர். எந்தக் கேள்வி கேட்டாலும் அது தன்னுடைய இன்னொரு கட்டுரையில் இருப்பதாகச் சொன்னார். இந்த ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறுவது எதனால் என்று கேட்டேன். நல்ல ஆராய்ச்சிக் கேள்வி என்று என்னைப் பாராட்டினார்.

இரண்டாவது ஆள் சேலத்துக்காரர். இமயமலையில் பனி உருகி எவ்வளவு தண்ணீர் ஓடையில் இறங்குகிறது என்று வருடக்கணக்கில் அளந்தவர். கன்னமெல்லாம் குளிரில் தோலுரிந்த தடம். அதிகம் பேசவில்லை, பேசியது தெளிவாக இருந்தது. டைரக்டர் அவரிடம், "இங்க பனி கிடையாதே தம்பி, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"எனக்கும் அதே சந்தேகம்தான் சார். விளம்பரத்தைப் பார்த்துட்டு, நீங்க இமயமலையில ஏதோ திட்டம் வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"எதிர்காலத்துல அப்படி ஒரு எண்ணம் உண்டு," என்றார் டைரக்டர், முகம் மாறாமல்.

மூன்றாவதாக வந்தவள் சாயர்புரத்துப் பக்கத்துப் பெண். வெளிமாநிலத்தில் பிஎச்.டி. செய்தவள். ஆய்வு முழுக்கத் தேரியிலும் கடற்கரையிலும். வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் டைரக்டர் பட்டியலைப் பார்த்து, "பனி சார்ந்த நிலப்பரப்புல உங்க அனுபவத்தைச் சொல்லுங்க," என்றார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நிறைய இருக்கு சார்," என்று ஆரம்பித்தாள். பனை வேர் எவ்வளவு ஆழம் போகிறது. மரத்தடியில் மண்ணின் ஈரத்தைக் கோடையிலும் மழையிலும் எப்படி அளந்தாள். பனைகளை வெட்டிவிட்ட இடத்தில் மணல் எப்படி மாறிப்போயிருந்தது. தேரிக்குள் இறங்கிய தண்ணீர் நிலத்துக்கடியிலேயே நகர்ந்து கடலுக்குள் ஊறி வருகிறதா என்பது. சங்கு குளிக்கிறவர்கள் சில இடங்களில் கடலடியில் தண்ணீர் வேறு மாதிரி, கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்வார்களாம். அந்த இடங்களைக் கேட்டுக்கேட்டு ஒரு வரைபடம் போட்டிருந்தாள். முத்துச்சிப்பி விளைந்த பழைய பார்கள், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகள், சில அந்தப் பக்கத்திலேயே இருந்தன. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது இன்னும் தெரியாது, அதைத்தான் இங்கே வந்து செய்ய ஆசை என்றாள்.

அணைக்கட்டு நிபுணர் இரண்டு தடவை கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் குறுக்கிட்டார். "அம்மா, நீங்க பனையப் பத்திப் பேசுறீங்க. அவர் கேட்டது பனி."

"பனியா?"

"பனி. ஐஸ்."

அவள் பையிலிருந்து பேப்பரில் வெட்டிவைத்த விளம்பரத்தை எடுத்துப் பார்த்தாள். விரலை வைத்து அந்த வரியைப் படித்தாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நான் பனைன்னுதான் சார் படிச்சிருக்கேன். பார்த்த உடனே நமக்காகவே போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "தேரிக்காட்டுக்குப் பக்கத்துல எதுக்கு சார் பனி?" என்றாள்.

கன்வீனர் என்ற முறையில் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் தண்ணீர் குடித்தேன்.

மதிப்பெண்களைக் கூட்டியபோது சேலத்துக்காரர் அவளைவிட மூன்று மதிப்பெண் கூடுதல். பனிக்கு அவருக்கு முழுதாக ஐந்து, அவளுக்குச் சுழியம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அரைமணி நேரம் கேட்டேன். தவறு அலுவலகத்தினுடையது என்று நிரூபித்துவிட்டால் அந்த வரியையே நீக்கிவிடலாம் என்று ஒரு யோசனை. அண்ணாச்சியிடம் போய், நான் அனுப்பிய மூலத்தை எடுத்துத் தரச் சொன்னேன்.

அவர் பீரோவைத் திறந்து கோப்பை எடுத்தார். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை, மேலாகவே வைத்திருந்தார். என் குறுஞ்செய்தியை அச்செடுத்து, தேதி போட்டு, துளை போட்டுக் கோத்திருந்தார். பனி. என் கைப்பேசி எடுத்துக்கொடுத்த சொல்லை நானே தட்டி அனுப்பியிருக்கிறேன். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.

"அன்னிக்கே ஏன் காட்டல அண்ணாச்சி?"

"நாலு பேரு இங்கன நின்னாங்கல்லா டீச்சர். உங்க முன்னாடி தாளை எடுத்து நீட்டினா நல்லாவா இருக்கும்?"

"அனுப்பினப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எனக்கும் பார்த்தப்ப ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அந்தப் படிப்பே என்னன்னு தெரியாது. அதுல பனி இருந்தா என்ன, எரிமலை இருந்தா என்னன்னு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். கிளார்க்குகள் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை காத்திருந்து அவர்கள் முன்னால் கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அவர்கள் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது.

திரும்பிப் போய்க் குழுவிடம் உண்மையைச் சொன்னேன். அணைக்கட்டு நிபுணர் ஜன்னலைப் பார்த்தார். டைரக்டர் யோசித்துவிட்டு, "நேர்மையாச் சொன்னீங்க மேடம், பாராட்டறேன். ஆனா மினிட்ஸ்ல எழுத வேண்டாம்," என்று பேனாவை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் கேன்டீனில் இருந்தாள். முடிவைக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை மார்க்ல போச்சு?"

"மூணு."

"பனிக்கு?"

"அஞ்சு."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "வீட்ல போய் என்ன சொல்லட்டும்? பனி தெரியலன்னு வேலை தரலன்னா எங்க அம்மா நம்புவாளா?"

"தப்பு என்னோடதுதாம்மா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"யார் தப்புன்னு இன்னிக்குத் தெரிஞ்சிருக்கலாம் மேடம். தப்புன்னு ஒரு மாசமாத் தெரியும்ல? மாத்தியிருக்கலாம்ல?"

செமஸ்டர் தேர்வைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் டீயைக் குடித்து முடித்தாள், கிளாஸைத் தானே கொண்டுபோய் வைத்தாள், பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சேலத்துக்காரர் மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தார். முதல் வாரத்திலேயே அவரைத் தேரிக்கு அழைத்துப்போய், அவருக்கு எப்படி வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சொல்லிச்சொல்லிப் பழகிவிட்டிருந்தது. அவர் கொதிக்கிற செம்மணலில் நின்று கேட்டுக்கொண்டார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. அவளுடைய ஆய்வேட்டை வாங்கித்தர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அது இணையத்தில் கிடைத்தது. மூன்றாம் நாள் என் அறைக்கு வந்தார்.

"மேடம், இதுல பாதி எனக்குப் புரியல. மிச்சப் பாதி நான் மலையில பண்ணின வேலைதான். பனி, விழுறப்போ தண்ணியப் பிடிச்சு வச்சிட்டு அப்புறம் மெதுவா விடும். இந்த மணலும் அதையே பண்ணுதுன்னு இந்தப் பொண்ணு எழுதியிருக்காங்க. நான் அவங்ககிட்டப் பேசணும்."

"உங்க போனை எடுக்க மாட்டா."

எடுத்தாள். அதற்குள் கேரளத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. எங்களுடையதைவிட நல்ல வேலை. அங்கே ஐந்து மதிப்பெண் எதற்கென்று நான் விசாரிக்கவில்லை. சேர்ந்து வேலை செய்யலாமா என்று இவர் கேட்டதற்கு, இடங்களைத் தான்தான் முடிவுசெய்வேன், கட்டுரையில் தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இவர் சரி சரி என்றுவிட்டார். டைரக்டர் இதை இரு மாநிலக் கூட்டாய்வு என்று ஆண்டறிக்கையில் போட்டு, அதில் தன் படத்தையும் போட்டுக்கொண்டார்.

மழை முடிந்து கடல் அடங்கிய ஒரு காலையில் தருவைகுளத்திலிருந்து ஒரு நாட்டுப்படகில் கிளம்பினோம். அவள் என்னை வரச்சொல்லவில்லை, அவர்தான் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, "வாங்க மேடம்," என்றாள், அவ்வளவுதான். படகோட்டி ஓரிடத்தில் இன்ஜினை நிறுத்தினார். கடலடியில் நல்ல தண்ணீர் ஊறும் இடத்தைத் தேடி, இருவரும் ஒரு குழாயையும் உப்பளவு காட்டும் கருவியையும் கடலுக்குள் இறக்கினார்கள். இன்னும் இடது பக்கம் என்றாள் அவள். இல்லை, கருவி இங்கேதான் காட்டுகிறது என்றார் அவர். வெயில் ஏறும்வரை அந்தச் சண்டை நடந்தது. எனக்கு இரண்டு பேர் பேச்சும் பாதிதான் விளங்கியது. கடைசியில் அவள் சொன்ன இடத்தில்தான் நீர் எடுத்தார்கள். உதவாதவளாக உட்கார்ந்திருந்த என் கையில் மூடிபோடாத ஒரு போத்தலைக் கொடுத்தாள்.

"கொஞ்சம் சாயாமப் பிடிங்க. கலங்கல் அடியில தங்கணும்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். படகு திரும்பியபோது அலை அடித்து முகமெல்லாம் நனைந்தது. துடைக்க ஒரு கையை எடுக்கலாமா என்று பார்த்தேன். அவள் என் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை.