கிணற்றடிப் பெண்ணுக்கு ஒரு குறுக்குக்கட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அற்றுப்போன யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், எங்கள் வாசிகசாலை ஓர் ஓவியக் கண்காட்சி வைத்தது. நான் செயலாளர். கலையைப் பற்றி நிறைய வாசித்தவன் என்று பெயர். வேறு தகுதி கிடையாது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சித்திர ரீச்சர் ஒரு படம் கொண்டுவந்தார். கிணற்றடியில் முதுகு காட்டிக் குளிக்கும் பெண். உடம்பில் துணியில்லை. உழைத்துக் களைத்த தோள்கள். தண்ணீர் விழும் சுகத்தைத் தவிர அவளுக்கு வேறு நினைவில்லை. எனக்கு அது அடக்கமாகத்தான் பட்டது.

தலைவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"உது ஆரின்ரை பெட்டை?"

"படம் அண்ணை."

"படமெண்டாலும் ஒரு தாய் தேப்பன் இருக்குமே?"

பொருளாளர் முதுகிலிருந்த மச்சத்தை வைத்து, இன்னார் வீட்டுப் பெண் இல்லை என்று இரண்டு குடும்பங்களை விலக்கினார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.  நான் கோயில் கோபுரத்து ஆடையில்லாச் சிலைகளைப் பற்றி நீளமாக விளக்கினேன்.

"அவை தெய்வங்கள். உவ குளிக்கிறா," என்றார் தலைவர்.

எங்கள் ஊர்ப் பெண்கள் குளிக்கும்போது மார்புக்கு மேல் சேலையை இறுக்கிக் குறுக்குக்கட்டுக் கட்டுவார்கள். அதை இவள்மேலும் வர்ணத்தால் கீறினால் படத்தைத் தொங்கவிடலாம் என்று முடிவாயிற்று. ரீச்சர் மறுத்துவிட்டார். தலைவர் சளைக்கவில்லை. முன்பு தியேட்டருக்குக் கட்டவுட் கீறிய ஒருவரைப் பிடித்து, திறப்புவிழா அன்று காலையிலேயே காரியத்தை முடித்துவிட்டார்.

சிவப்புச் சேலை. நனைந்து, ஒட்டி, முன்பு படத்தில் இல்லாததையெல்லாம் எடுத்துக்காட்டியது.

"இப்பதான் மரியாதையாக் கிடக்கு," என்று தலைவர் வெகுநேரம் பார்த்தார். பொருளாளர் அவருக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார்.

ரீச்சர் வந்தார். பார்த்தார்.

"ஐயா, நான் கீறினவ தன்ரை பாட்டுக்குக் குளிச்சுக்கொண்டு நிண்டவ. உவ உங்களுக்குக் காட்டிக்கொண்டு நிக்கிறா."

பிறகு என்னிடம் மண்ணெண்ணெய் கேட்டார். அந்தக் காலத்தில் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாத பொருள் அது. வாசிகசாலை விளக்குப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

"டேய், அது விளக்குக்கடா!" தலைவர் கத்தினார்.

ரீச்சர் முகம் துடைக்கும் லேஞ்சியை அதில் நனைத்துப் படத்தைத் துடைத்தார். காயாத சிவப்பு வழிந்து போனது. முதுகு தெரியத் தெரிய, திறப்புவிழாவுக்கு வந்து அதுவரை கண்வெட்டாமல் பார்த்தவர்கள் வாசிகசாலையின் பழைய பேப்பர்களுக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

"சீ, ஆம்பிளையள் இருக்கிற இடத்திலை!" என்றது ஒரு பேப்பர்.

ரீச்சர் படத்தைத் தன் பக்கமாகத் திருப்பி அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

கதிரை வெறுஞ்சுவரைப் பார்த்தபடி கிடந்தது. அதில் உட்கார அருவருப்பாக இருந்தது. வேறு கதிரை இல்லாததால் உட்கார்ந்தேன்.