முதுகில் வந்த உப்பு

பாலாவியில் ஏறிப் பழக மலை ஏது? மலையகத்தில் மூன்று நாள் நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, நான் வேலை செய்யும் உப்பளத்தின் வரம்புகளில் தினமும் பின்னேரம் நடந்தேன். பாரத்துக்கு முதுகுப்பைக்குள் ஐந்து கிலோ உப்பு. எங்களிடம் கல்லைவிட அதுதான் சுலபமாகக் கிடைக்கும்.

ஒரு மாதத்தில் அந்தப் பாரம் முதுகுக்குப் பழகிவிட்டது. அதுதான் பிழை. புறப்பட்ட அன்று அவசரத்தில் உடுப்பையும் வழியில் தின்னப் பாணையும் மேலே திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அடியில் உப்பு கிடப்பது எனக்கு உறைக்கவேயில்லை.

முதல் ஏற்றத்தில் தண்ணீர்ப் போத்தலைத் தேடிப் பையைக் கொட்டியபோது உப்புப் பொதியும் விழுந்தது. கூட வந்த கொழும்புக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மலையில உப்பு விக்க வந்தீங்களா?" என்றார் ஒருவர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

மத்தியானம் மழை பிடித்தது. ஒவ்வொரு காலிலும் அட்டை ஏறி இரத்தம் குடித்தது; உப்புப் பட்டால்தான் அது கழன்று விழும். சிரித்த அத்தனை பேரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு என் முன்னால் வரிசையில் நின்றார்கள். நானும் பெருமை தாங்காமல், பொதி காலியாகும்வரை அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் இறக்கத்தில் என் கணுக்காலில் ஓர் அட்டை. பைக்குள் கைவிட்டுத் துழாவினேன். ஒரு கல் உப்பும் இல்லை. வேறு வழியில்லாமல், கேலி செய்த அதே மனிதரிடம் போனேன்.

"அண்ணன், கொஞ்சம் உப்பு இருக்குமோ?"

அவர் பத்திரமாக மடித்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, என் உப்பில் எனக்கு ஒரு சிட்டிகை தந்தார்.