மஞ்சள் நாடா, ஏழு சுற்று

இதைக் கேட்டுவிட்டு "பிரமை" என்று சொன்னவர்கள் நாலு பேர். நாலு பேரோடும் நான் இப்போது பேசுவதில்லை. நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு நாற்பதிலிருந்து மூன்று பதினேழு வரை. கையில் கடிகாரம் இருந்தது. காய்ச்சல் இல்லை, பசி இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. நம்ப மனசில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் ஒரு நாற்றுப்பண்ணையில் ஒட்டுக் கட்டுபவள். காட்டு நாரத்தை விதையை முளைக்க வைப்போம். கன்று பென்சில் கனம் வந்ததும் தண்டைக் கீறி, நல்ல ஆரஞ்சு மரத்து மொட்டு ஒன்றைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவோம். மூன்று வாரத்தில் ஒட்டுப் பிடித்துவிடும். கீழிருந்து மேலாக ஏழு சுற்று சுற்றி, நுனியைப் பல்லால் இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போடுவது என் பழக்கம். பண்ணையிலேயே அப்படிக் கட்டுவது நான் ஒருத்திதான். மேஸ்திரி எத்தனையோ தடவை திட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை.

காட்டுக்குள் போய் விதைக்கான நாரத்தைப் பழங்களைப் பறித்து வந்தது என் அண்ணன். அந்த மதியத்துக்குப் பதினான்கு மாதம் முன்னால் ஒரு காலையில் மேஸ்திரியோடு கிளம்பினான். சாயங்காலம் மேஸ்திரி மட்டும் திரும்பி வந்தார், தோளில் ஒரு மூட்டைப் பழத்தோடு.

"வழியிலேயே என்கூட சண்டை போட்டான். பஸ் ஏறிப் போயிட்டான். காட்டுக்குள்ளயே நாங்க போகல. இது ரோட்டோர வேலி மரத்துல நான் பறிச்சது" என்றார்.

வருகைப் பதிவேட்டில் அண்ணன் பெயருக்கு நேரே "ஓடிவிட்டார்" என்று சிவப்பு மையில் எழுதினார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? எவளையோ இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்று வாய் கூசாமல் சொன்னது. அண்ணி வெளியே தலைகாட்டுவதையே விட்டாள். புகார் கொடுக்கப் போனால், "பெரிய ஆளுதானேம்மா, தானா வந்துருவாரு" என்று திருப்பி அனுப்பினார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு போன் பண்ணக்கூடவா கை வரவில்லை உனக்கு என்று தினமும் அவனை வயிறெரிந்து திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

முதலில் சொன்ன அந்த நாளில்தான் அந்த மூட்டைப் பழத்தின் விதையில் முளைத்த கன்றுகள் என் கொட்டகைக்கு வந்தன. மொத்தம் இருநூறு பை. முதல் பையைத் தூக்கியதும் என் கை அப்படியே நின்றது. ஒவ்வொரு இலையும் இரண்டு இலையை ஒன்றன் நுனியில் ஒன்றாக ஒட்டி வைத்தது போல இருந்தது. காம்பே இறக்கை மாதிரி அகலமாக விரிந்திருந்தது. முளைத்த புதிதில் இது தெரியாது, எல்லா நாரத்தை இலையும் ஒரே மாதிரிதான் இருக்கும். வளர வளரத்தான் இறக்கை விரியும். இதே இலையை அண்ணன் ஒருதரம் கொத்தாக ஒடித்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், பிளந்த பாறைகிட்ட ஒத்த மரம் நிக்குது. இந்த இலை வேற எங்கயும் கிடையாது, பொடிசு" என்றான். பொடிசு நான்தான். அவன் ஒருவன்தான் என்னை அப்படிக் கூப்பிடுவான்.

அப்படியென்றால் இந்தப் பழம் வேலி மரத்துப் பழம் இல்லை. அவர்கள் காட்டுக்குள் போயிருக்கிறார்கள். அந்த மரம் வரைக்கும் போயிருக்கிறார்கள். ஒன்று ஐம்பதுக்கு மேஸ்திரியின் மேசைமேல் கன்றைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இது எங்க பறிச்ச பழம்?"

"வேலி மரம்தான். எத்தனை தடவ சொல்றது?"

"வேலி மரத்து இலைக்கு இறக்கை ஏது?"

அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வேலையப் பாரு, போ."

போனேன். ரத்தம் கொதித்தது. மொட்டுகளைச் சீவி ஒதுக்கி வைக்கத் தொடங்கினேன். இரண்டு நாற்பதுக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கைப் போட்டேன். மற்றவர்கள் லாரியில் கன்று ஏற்ற வாசலுக்குப் போயிருந்தார்கள். கொட்டகையில் நான் மட்டும். எங்கள் பண்ணையில் எப்போதும் வெள்ளை நாடாதான். அந்த வாரம்தான் முதன்முதலாக மஞ்சள் நாடா வந்திருந்தது. அதில் ஒரு புதுச் சுருளைப் பிரித்தேன்.

டொக்.

தகரக் கூரைமேல் ஏதோ விழுந்தது. பழம் விழுகிற சத்தம். ஆனால் கொட்டகைக்கு மேலே எந்த மரமும் கிடையாது. வெளியே போய் எட்டிப் பார்த்தேன். கூரைமேல் ஒன்றுமில்லை.

டொக்... டொக்.

"எவன்டா அது விளையாடுறது?" என்று கத்தினேன். எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

இரண்டு ஐம்பத்தைந்து. நாரத்தைத் தோலைக் கிள்ளினால் ஒரு காரமான வாசனை வருமே, அது வந்தது. என் கொட்டகையில் ஒரு பழம்கூட இல்லை.

மூன்று மணிக்கு மேல் சத்தம் கூடியது. டொக், டொக், டொக்... கூடவே சாக்கு இழுபடும் சத்தம். யாரோ பழத்தைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுகிற மாதிரி.

மூன்று பத்து.

தொப்.

அது பழம் இல்லை.

எல்லாம் நின்றது. பிறகு... பொறுக்கும் சத்தம் மட்டும் மறுபடி தொடங்கியது. நிதானமாக. ஒவ்வொன்றாக. சாக்கின் வாயைக் கட்டும் சத்தம். தூரப் போகும் காலடி.

விளக்கு அணைந்தது.

"பொடிசு..."

மேசைக்கு அடியிலிருந்து.

"கட்டு..."

என் கை தானாகக் கீழே போனது. கன்றின் தண்டு என்றுதான் பிடித்தேன். அது பென்சில் கனம் இல்லை. பிடிக்குள் அடங்கவில்லை. சூடாக இருந்தது. நடுவில் உடைந்து... அசைந்தது.

சுற்றினேன்.

ஒன்று... இரண்டு...

ஏழு.

நுனியைப் பல்லால் கிழித்தேன்.

முடிச்சு.

யாரோ மூச்சு விட்டார்கள்.

விளக்கு வந்தது. மூன்று பதினேழு. மேசைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. இருநூறு கன்றில் ஒன்றில்கூட நாடா இல்லை. ஆனால் அப்போதுதான் பிரித்த சுருளில் பாதியைக் காணோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணியை அழைத்துக்கொண்டு வனக்காவலர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் யோசித்தார். "நீங்க வரலேன்னா நாங்க ரெண்டு பேருமே போயிக்கிறோம்" என்றேன். முனகிக்கொண்டே வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிளந்த பாறை, பக்கத்தில் அந்த ஒற்றை மரம். இறக்கை வைத்த இலைகள். அடியில் சருகுக்குள் என் அண்ணன் கிடந்தான். சட்டையும் எலும்பும்தான் மிச்சம். இடுப்பு பெல்ட்டைப் பார்த்ததும் அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடல... அவரு எங்கயும் ஓடல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எதையும் தொடக்கூடாது என்று வனக்காவலர் எங்களைத் தள்ளி நிறுத்திவிட்டுப் போலீசுக்குச் சொன்னார்.

போலீஸ் பண்ணைக்கு வந்ததும் மேஸ்திரி அன்று மதியமே உடைந்தார். "கயிறு இல்லாம மரத்துல ஏத்துனது நான்தான். விழுந்துட்டான். கால் ஒடிஞ்சிருச்சு. என் வேலை போயிடும்னு பயந்துட்டேன். ஆளக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அப்ப மணி என்ன?" என்று நான் கேட்டேன்.

"மூணு பத்து இருக்கும்."

நாற்பது கிலோ மூட்டையைத் தூக்கி வர அந்தப் பாவிக்குத் தெம்பு இருந்தது. ஒரு மனுஷனுக்குத் தோள் கொடுக்கத்தான் இல்லை. நான் பதிவேட்டை இழுத்து, "ஓடிவிட்டார்" என்பதைப் பேனா நுனி காகிதத்தைக் கிழிக்கும் வரை அடித்தேன். பண்ணை முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானே ஒருவேளை பிரமை என்று ஒத்துக்கொண்டிருப்பேன். பத்து நாள் கழித்து, எலும்புகளைப் பரிசோதனை செய்த டாக்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கால்ல கட்டு போட்டது யாரு?"

மேஸ்திரி தான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். டாக்டர் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஒட்டியிருந்ததாம். மண் படிந்த மஞ்சள் நாடா. கீழிருந்து மேலாக ஏழு சுற்று. நுனி இரண்டாகக் கிழிந்து முடிச்சுப் போட்டிருந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டியிருக்காங்க" என்றார் டாக்டர். "ஒடிஞ்ச எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. அதுக்குக் குறைஞ்சது மூணு வாரமாவது ஆகும்."

அண்ணிக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்த மரத்தடியில் மூன்று வாரம் என் அண்ணன் உயிரோடு இருந்திருக்கிறான். அந்த மூன்று வாரமும் நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.