எட்டுப் பேருக்கு ஒரே முகவரி

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிக்கிற சிரமம் வேண்டாம். அதுவும் சாதாரண முட்டாள் அல்ல, கம்ப்யூட்டர் தெரிந்த முட்டாள். தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவின் கிள்ளானில் அந்த வகை ஆட்கள் அதிகம் கிடையாது. அதனால் எனக்கு நல்ல மரியாதை இருந்தது.

அங்கே ஒரு கடைவீட்டு மாடியில், கப்பலில் சரக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். குடியிருந்தது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில். ஓர் அறை, அரை அடுப்படி. தினமும் கோமுட்டர் ரயிலில் போய்வருவேன். கம்பெனியில் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். முதலாளி வாங்கிக்கொடுத்த மின்னஞ்சல் முகவரி ஒன்றே ஒன்று. ஆளுக்கொன்று வேண்டும் என்று கேட்டதற்கு, “ஒன்னு போதும் லா. நம்ம ஆபீசுக்கு ஒரு கதவுதானே இருக்கு?” என்றார். எட்டுப் பேர் ஒரே பிரஷ்ஷில் பல் துலக்குவது மாதிரியான ஏற்பாடு.

இங்கேதான் என் திறமை நுழைந்தது. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, அதற்கு ‘சர்வர்’ என்று பெயர் சூட்டினேன். மணிக்கொரு தரம் அது தொலைபேசி வழியாக வெளியே கூப்பிடும். பூனைச் சண்டை போல ஒரு சத்தம் வரும். பிறகு அந்த ஒற்றை முகவரிக்கு வந்த கடிதங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பிரிக்கும். தலைப்பு வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய பெட்டியில் போடும். பெயர் இல்லாத கடிதம் பொதுப் பெட்டிக்குப் போகும். பொதுப் பெட்டியை எட்டுப் பேரும் திறக்கலாம். அதைப் பார்த்துப் பதில் போடுவது எங்கள் சீனியர் கிளார்க் அக்காவின் வேலை. எந்தப் பதிலும் கம்பெனி பெயரில்தான் போகும், எழுதியது யார் என்று வெளியே தெரியாது. அனுப்பிய கடிதங்களும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். யாருடையதை வேண்டுமானாலும் யாரும் பார்க்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு மான்செஸ்டரில் ஓராண்டு நர்ஸ் வேலை கிடைத்தது. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சுபாங் விமான நிலையத்தில் வழியனுப்பும்போது என் விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் அந்த மின்னஞ்சல் முகவரி அச்சாகியிருந்தது.

“இது உங்களுக்கு மட்டுமா?” என்று கேட்டாள்.

“எனக்கு மட்டும்தான். முதலாளிகூடத் தொட முடியாது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? புருஷன் கொஞ்சம் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறட்டுமே என்ற ஆசைதான். உண்மையில் அந்தக் கம்பெனியில் எனக்கென்று தனியாக இருந்தது ஒரு காப்பிக் கோப்பை மட்டும். அதற்கும் கைப்பிடி இல்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய முதல் கடிதம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். தலைப்பில் என் பெயர் இல்லை. சொந்த முகவரிக்கு எழுதுகிறவள் எதற்குப் பெயர் போடப்போகிறாள்? கடிதம் நேராகப் பொதுப் பெட்டியில் விழுந்தது. ‘என் கருப்பட்டி’ என்று ஆரம்பித்திருந்தாள். இங்கே மழைகூடச் சத்தமில்லாமல் பெய்கிறது, நம்ம ஊர் மழை மாதிரி தகரத்தில் அடிக்கமாட்டேன் என்கிறது, அதனால் தூக்கமே வரவில்லை, பக்கத்தில் நீங்கள் விடுகிற குறட்டையாவது இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தாள்.

நான் அதைப் படித்த நேரத்தில், எனக்கு முன்னால் ஐந்து பேர் படித்து முடித்திருந்தார்கள்.

லோரிகளை அனுப்பும் அண்ணன் ஒருவர் எங்களோடு இருந்தார். வாய் சும்மாவே இருக்காது. பத்தரை மணிக்குத் தேநீர் வாங்கக் கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, “கருப்பட்டி, ஒனக்கு பாலில்லாத தே ஓ வாங்கவா? சீனி போடாம வாங்குறேன், நீயே போதும் லா!” என்றார். மற்றவர்கள் மேசைக்கடியில் குனிந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து ஊரே சிரிக்கும்போது நானும் சேர்ந்துகொள்வது சின்ன வயதுப் பழக்கம். கூட்டத்தில் ஒருவனாகிவிடலாம் பாருங்கள்.

அன்றைக்கே மனைவிக்கு உண்மையை எழுதியிருக்கலாம். எழுதினால் விமான நிலையத்தில் விட்ட புருடா கிழிந்துவிடுமே. அதனால் மேலும் ஒரு புருடா விட்டேன். ‘இங்கே சர்வர் கொஞ்சம் பழசு. நீளமான கடிதத்தைப் பாதியில் வெட்டிவிடுகிறது. அதனால் சுருக்கமாக, ஆபீஸ் கடிதம் மாதிரி ஆங்கிலத்தில் எழுது. தலைப்பில் மறக்காமல் என் பெயரைப் போடு’ என்று எழுதினேன்.

அவள் நர்ஸ். சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அடுத்த கடிதம் ஆங்கிலத்தில், என் பெட்டிக்கே ஒழுங்காக வந்தது. தமிழில் சொன்னால்: ‘மழை பெய்கிறது. நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இப்படிக்கு.’ அவ்வளவுதான். கருப்பட்டி காணாமல் போய்விட்டது. கீழே பெயருக்குப் பதில் ஒரே ஓர் எழுத்து.

அதை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறுவேன். ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் நாலு தரம் படித்துவிடுவேன். நாலு வரியில் என்ன இருக்கிறது படிக்க? ‘ஆவல்’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். வீட்டுக்குப் போனால் சுவரில் காலண்டர். மான்செஸ்டர் போவது முடிவாவதற்கு முன்னாலேயே, இங்கே ஆஸ்பத்திரியில் தனக்கிருந்த ஷிஃப்டுகளை வருடக் கடைசி வரைக்கும் அதில் குறித்து வைத்திருந்தாள். செவ்வாய் சாயங்காலம், புதன் காலை என்று. நான் கதவைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பேன். இன்றைக்குச் சாயங்கால ஷிஃப்ட், அதனால்தான் வீடு இருட்டாக இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். காலை ஷிஃப்ட் போட்டிருக்கும் நாட்கள்தான் கஷ்டம். அந்த நாட்களில் இந்நேரம் அவள் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அவளுக்கு எழுதினேனா? எப்படி எழுதுவது? நான் அனுப்புவதையும் ஏழு பேர் பார்க்கலாமே. அதனால் வாரம் தவறாமல் ஜோக் எழுதினேன். முதலாளியின் புது விக்கைப் பற்றி, கடைத்தெருவில் வழுக்கி விழுந்ததைப் பற்றி, நான் வைத்த சம்பல் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு சுரண்டினாலும் வராததைப் பற்றி. லோரி அண்ணனே அவற்றைப் படித்துவிட்டு, “நல்லா எழுதுற லா நீ” என்று முதுகில் தட்டினார்.

பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. அவள் வருவதற்கு ஒரு மாதம் இருந்தபோது, நான் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு அறைக்குச் சாயம் அடித்தேன். அவளுக்குப் பிடித்த இளம்பச்சை. கூரையில் அடித்ததைவிட என் தலையில் விழுந்தது அதிகம். ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன். வந்து நின்று என்ன சொல்வாள் என்று அவள் குரலில் நானே பேசிப் பார்த்துக்கொண்டேன்.

லீவு முடிந்து திங்கட்கிழமை போய்ப் பெட்டியைத் திறந்தால் அவளுடைய கடிதம். ‘உங்கள் உறுதிப்படி கையெழுத்திட்டுவிட்டேன். இரண்டு ஆண்டுகள். இப்படிக்கு.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த உறுதி? என்ன இரண்டு ஆண்டுகள்? பொதுப் பெட்டியைத் திறந்து பின்னோக்கித் தேடினேன். போன புதன்கிழமைக் கடிதம் ஒன்று இருந்தது. தலைப்பு ‘ஒப்பந்தம் புதுப்பித்தல்’. பதினோரு மாதத்தில் அன்றைக்கு ஒரு தடவைதான் என் பெயரைப் போட மறந்திருக்கிறாள். ‘மேலும் இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கக் கேட்கிறார்கள். நான் கையெழுத்திடலாமா என்று தயவுசெய்து தெரிவிக்கவும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை. இப்படிக்கு.’ நான் சொல்லிக்கொடுத்த நடை. ஒரு பிசிறு இல்லை.

அதற்குக் கீழே, எங்கள் முகவரியிலிருந்து போன பதில்: ‘உறுதி செய்கிறோம். மேற்கொண்டு செய்யவும். நன்றி.’

அந்தப் பதிலை இன்னொரு தரம் படித்தேன். பொதுப் பெட்டிக்குப் பதில் போடும் அந்தச் சீனியர் கிளார்க் அக்கா, காகிதக் கட்டோடு என் பின்னால் போனவர், திரையைப் பார்த்து நின்றார்.

“என்னா தம்பி? அது நம்ம கம்பெனியோட லிவர்பூல் ஏஜண்ட் கடுதாசிதானே? காண்ட்ராக்ட் வந்தா ஓகே சொல்லிடுன்னு பாஸ் சொல்லியிருந்தாரு, நான்தான் பதில் போட்டேன்.”

“அக்கா, அது என் வீட்டுக்காரி.”

காகிதக் கட்டு கீழே போயிற்று. “ஐயோ, உன் பேரே இல்லையேப்பா அதுல! ஒரு வீட்டுக்காரி எழுதுற மாதிரியா இருக்கு அது? நான் தெனம் இப்படி நாப்பது கடுதாசி பாக்குறேன்...” முடிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் மேல் என்ன தப்பு? வீட்டுக்காரி எழுதுகிற மாதிரி இருக்கக்கூடாது என்று பாடம் நடத்தியவன் நான்தானே. லோரி அண்ணன் எழுந்து வந்தார். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று பார்த்தேன். அவர் குனிந்து காகிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம், மான்செஸ்டரில் விடிந்து அவள் எழுந்திருக்கும் நேரமாகப் பார்த்து, வெளிநாட்டுக்குப் பேசும் தொலைபேசியின் பூட்டை அக்கா திறந்துவிட்டார். “பேசு. பாஸ் கிட்ட நான் சொல்லிக்கிறேன். சும்மா காமெடி பண்ணிட்டு வச்சிடாத” என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

நர்ஸ்கள் விடுதியில் யாரோ எடுத்து, யாரோ கூப்பிட்டு, கடைசியில் அவள் குரல் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். விமான நிலையத்தில் ஆரம்பித்து அன்று காலை வரைக்கும்.

“எட்டுப் பேரா?”

“எட்டுப் பேர்.”

“மொத லெட்டரையுமா?”

“அதையுந்தான்.”

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு சொன்னாள். “வெள்ளிக்கிழம அந்தப் பதில பாத்துட்டு ரெண்டு மணி நேரம் பாத்ரூம்ல உக்காந்திருந்தேன். சரி, இவருக்கு நான் இல்லாமயே நல்லாத்தான் போகுது போலன்னு நெனச்சேன். அப்புறம் போய்க் கையெழுத்துப் போட்டேன்.”

“இப்ப மாத்த முடியாதா?”

“முடியாது. போட்ட பெறகு மனசு கேக்காம அன்னைக்கே கேட்டுட்டேன்.”

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என்னிடம் இருந்த கடைசி நியாயத்தை எடுத்து வைத்தேன். “சத்தியமா சொல்றேன், அந்தக் கடுதாசி என் கையில கெடச்சிருந்தா, வந்துடுன்னுதான் எழுதியிருப்பேன்.”

அவள் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தாள். பச்சைச் சாயம் அதற்குள் வெளுத்துவிட்டது. நடுவில் நான் தனி முகவரி ஒன்று எடுத்து, ரயிலிலேயே மனசுக்குள் எழுதி வைத்ததையெல்லாம் வாரத்துக்கு மூன்று கடிதமாக அனுப்பினேன். ஜோக் கொஞ்சம் குறைந்துவிட்டது. இப்போது வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கும் யாருக்கு எதை எழுதினாலும், அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தி, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேனா என்று பார்த்துக்கொள்கிறேன். சர்வரும் அக்காவும் செய்த தப்பைவிடப் பெரிய தப்பு ஒன்று அந்தப் பதினோரு மாதமும் என் பக்கம் இருந்தது. அதை அன்று, அத்தனை தூரத்திலிருந்து, அவள்தான் எனக்கு எடுத்துச் சொன்னாள்.

“வந்துடுன்னு நீங்க ஒரு தடவகூட எழுதலயே.”