டின்னில் சிரிக்கும் மாடு

பால் எங்கிருந்து வருகிறது? சிரிக்காதீர்கள். போன வாரம் இந்தக் கேள்வியில்தான் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

கிள்ளானில் ஒரு பாலர் பள்ளி. அங்கே ஆசிரியையாக இருக்கும் என் தோழி மாலதி போன் செய்தாள். "வாராவாரம் ஊருக்கெல்லாம் எழுதிக் கிழிக்கிறியே... எங்க பிள்ளைங்களுக்கு வந்து நல்ல சாப்பாடு பத்திக் கொஞ்சம் பேசேன் லா!" பேசக் கூப்பிட்டால் விடுவேனா? ஒரு பை நிறையக் கேரட்டும் கொய்யாவும் வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பிவிட்டேன்.

எல்லாம் ஆறு வயது வாண்டுகள். கேரட்டைக் காட்டினால் "முயல்!" என்று கத்துகின்றன. கீரை என்றதும் மூக்கைச் சுளிக்கின்றன. கடைசியாக, "இன்னிக்குக் காலையில யாரெல்லாம் பால் குடிச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். அத்தனை கைகளும் மேலே! பரவாயில்லையே, நம் அம்மாக்கள் தேறிவிட்டார்களே என்று மாலதியைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"சரி, அந்தப் பாலைப் படமா வரைஞ்சு காட்டுங்க பாப்போம்."

முதல் பிள்ளை டின் வரைந்தது. பக்கத்துப் பிள்ளையும் டின். மேசை மேசையாகப் போய்ப் பார்க்கிறேன்... டின், டின், டின்! மேலே கத்தியால் குத்திய இரண்டு ஓட்டைகள். ஒரு கெட்டிக்காரி, எறும்பு ஏறாமலிருக்க டின்னைத் தண்ணீர்த் தட்டில் வேறு வைத்திருந்தாள்.

அவள் பெயர் வைஷ்ணவி. "அம்மா இதுலேர்ந்து ஊத்தி, சுடுதண்ணி கலக்கிக் குடுப்பாங்க ஆன்டி. காலையில ஒரு கப், தூங்குறப்ப ஒரு கப்" என்று சிரித்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். மேல்வரிசை முன்பற்கள் கறுத்து, கரைந்து, ஈறோடு ஒட்டிக் கிடந்தன. எனக்குப் பகீரென்றது. தே தாரிக் டீயில் ஊற்றுகிற இனிப்புக் கெட்டிப்பால்! அதில் பாலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சீனிப்பாகையா இந்தக் குழந்தை தினமும் குடிக்கிறது?

மத்தியானம் அவளை அழைத்துப் போக அம்மா மோட்டாரில் வந்தார். பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சீருடையைக்கூட மாற்றவில்லை. நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். பால் என்று ஆரம்பித்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பால் குடுக்காம இவள ஒருநாளும் அனுப்ப மாட்டேங்க்கா. பல்லு கறுத்ததிலேர்ந்து இன்னும் கூடுதலா ஊத்துறேன். பால் குடிச்சா பல்லு கெட்டியாகும்ல?"

கோபம் போன இடம் தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னேன் — அதில் இருப்பது பெரும்பாலும் சீனி, பல்லைக் கெடுப்பதே அதுதான் என்று. அவர் நம்பவில்லை.

"மாடு படம் போட்டிருக்கேக்கா?"

பக்கத்தில் நின்ற மாலதியும் நான் சொன்னதற்கு ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. "அப்ப... இவ்ளோ நாளா நானேவா?" ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

கடைக்குப் போனால் நாம் மட்டும் வக்கணையாக "தே தாரிக், குராங் மானிஸ்" என்று இனிப்பைக் குறைக்கச் சொல்கிறோம். நமக்குச் சர்க்கரை வந்துவிடுமாம்! வீட்டில் அதே டின் பிள்ளைக்குச் சத்துணவு. அவர் ஒருவரா? ஒரு வகுப்பே டின் வரைந்ததே! கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவர்களை விட்டுவிட்டு, கலர் பென்சில் பிடிக்கிறவர்களுக்கு நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கே பல்லு டாக்டர்கிட்ட கொண்டு போறேங்க்கா" என்றார் அந்த அம்மா.

வைஷ்ணவி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "ஆன்டி, என் படம் முடிஞ்சிருச்சி!"

டின்னில் மாடு சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் வெள்ளை வெளேரென்று, ஒரு பல்கூட விடாமல் வரைந்திருந்தாள்.